தக்காளிச் செடியில் கோளாறா? மருந்தை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

இலை கொஞ்சம் சுருண்டாலும் பலருக்கும் கை முதலில் தெளிப்பானைத்தான் தேடுகிறது. தக்காளியைப் பொறுத்தவரை அது தலைகீழ் வேலை. வீட்டில் வளரும் தக்காளிக்கு வரும் கோளாறுகளில் பெரும்பங்கு தண்ணீர், வெயில், தொட்டியின் அளவு ஆகியவற்றால் வருவது. அவற்றுக்கு மருந்து கிடையாது. மருந்து தேவைப்படும் கோளாறுகளிலும் எந்த மருந்து என்பது கோளாறு எங்கே தொடங்கியது என்பதைப் பொறுத்தது.

ஆகவே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடி இலையில் தொடங்கியதா, கொழுந்தில் தொடங்கியதா? செடி முழுவதுமா, ஒரு பக்கம் மட்டுமா? ஓர் இரவில் வந்ததா, வாரக்கணக்கில் மெல்ல வந்ததா? பிறகு இரண்டு மூன்று இலைகளைத் திருப்பி அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பூச்சிகள் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும்.

அடி இலை, கொழுந்து என்று பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி அவற்றைப் பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலை வெளுக்கும். சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) இரும்பும் போன இடத்திலேயே தங்கிவிடும். அவை குறைந்தால் புதிதாக வருவதில்தான் தெரியும்.

நட்ட செடி வாடினால்

உச்சி வெயிலில் தொங்கி, சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிட்டால் அது நோயல்ல. வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக நீரை விடுகிறது, அவ்வளவுதான். காலையிலேயே வாடிக் கிடந்தால்தான் கவனிக்க வேண்டும்.

விரலை மண்ணுக்குள் 5 செ.மீ. விடுங்கள். காய்ந்திருந்தால், தொட்டியின் அடித்துளையில் நீர் வழியும் வரை ஊற்றுங்கள். தேங்காய் நார்க்கழிவு அதிகம் கலந்த மண்ணில் ஓர் ஏமாற்று வேலை நடக்கும்: முற்றிலும் காய்ந்த நார் தண்ணீரை எளிதில் ஏற்காது. மண் சுருங்கித் தொட்டியின் ஓரத்தில் இடைவெளி விழும். ஊற்றிய நீர் அந்த இடைவெளி வழியாக உடனே கீழே வந்துவிடும். பார்க்க ஈரம் போலிருக்கும்; வேர் இருக்கும் நடுப்பகுதி வறண்டே கிடக்கும். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் இதுதான் விஷயம். அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பி, தொட்டியை அதில் அரை மணி நேரம் உட்கார வைத்து, பிறகு வடியவிட்டால் சரியாகும்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேரில் கோளாறு. வடிகால் துளை அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது, பழுப்பாகி அழுகும். நல்ல வேர் வெள்ளையாக, இழுத்தால் உறுதியாக இருக்கும். அழுகிய வேரின் தோல் கையோடு உரிந்து வரும்.

வடிகால் நன்றாக இருந்தும், நேற்று வரை பச்சைப்பசேலென்று நின்ற செடி மஞ்சளாகாமலேயே இரண்டு மூன்று நாளில் சாய்ந்துவிட்டால் அது பெரும்பாலும் பாக்டீரியா வாடல். சோதிக்கக் கண்ணாடி டம்ளர் போதும். தண்டின் அடிப்பகுதியில் 5 முதல் 8 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, வெட்டுமுனை மட்டும் தெளிந்த நீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால் போன்ற வெள்ளை இழை கீழ்நோக்கி இறங்கினால் சந்தேகமே வேண்டாம். இதற்கு வைத்தியம் இல்லை. செடியை வேர்மண்ணோடு எடுத்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். வெட்டிய கத்தியைக் கழுவி ஸ்பிரிட்டால் துடையுங்கள். அந்தக் கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும் என்பதால் அதே மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதையும் வைக்காதீர்கள். தரையில்தான் நட வேண்டும், வேறு இடமும் இல்லை என்றால் சுண்டைக்காய் அல்லது இந்த வாடலைத் தாங்கும் கத்தரி வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்று ஒரு நல்ல வழி. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். புதைத்துவிட்டால் தக்காளித் தண்டே வேர்விட்டு, ஒட்டின் பயன் போய்விடும்.

செடியின் ஒரு பக்கம் மட்டும், சில சமயம் ஒரே இலையின் பாதி மட்டும் மஞ்சளாகி, வாரக்கணக்கில் மெல்ல வாடினால் அது புசேரியம் வாடல் என்னும் பூஞ்சை நோய். தண்டை நீளவாக்கில் பிளந்தால் தோலுக்கு அடியில் பழுப்புக் கோடு ஓடும். முடிவு இதற்கும் அதேதான், செடியை எடுத்துவிட வேண்டும். அடுத்த முறை விதை வாங்கும்போது ரகத்தின் பெயருக்குப் பின்னால் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள்: எஃப் (F) என்றால் புசேரியம், வி (V) என்றால் வெர்டிசிலியம் என்னும் இன்னொரு பூஞ்சை வாடல், என் (N) என்றால் நூற்புழு, டி (T) என்றால் புகையிலைத் தேமல் நச்சுயிரி (வைரஸ்). அவற்றைத் தாங்கும் ரகம் என்று பொருள்.

வாடவும் இல்லை, வளரவும் இல்லை, உரம் போட்டாலும் அசையவில்லை என்று நிற்கும் செடியைப் பிடுங்கினால் வேரில் மணிமணியாக முடிச்சு தெரியலாம். வேர்முடிச்சு நூற்புழு. ஈரமாக்கிய மண்ணை நிறமற்ற பிளாஸ்டிக் தாளால் மூடி, கடும் வெயிலில் 4 முதல் 6 வாரம் வைத்தால் மேல்மண்ணில் அவை வெகுவாகக் குறையும். கறுப்புத் தாளைவிட நிறமற்ற தாளே மண்ணை அதிகம் சூடாக்கும்.

காயின் அடியில் கறுப்பு

எலுமிச்சை அளவுக்கு வந்த காயின் அடியில், அதாவது பூ ஒட்டியிருந்த முனையில், முதலில் நீர் கோத்தது போல ஒரு புள்ளி. பிறகு அது பழுப்பாகி, கறுத்து, தோல் போலத் தட்டையாக உள்வாங்கும். இதன் பெயர் நுனி அழுகல். பெயரில் அழுகல் இருந்தாலும் தொற்று அல்ல. பக்கத்துச் செடிக்குப் பரவாது, பூஞ்சைக்கொல்லிக்கும் அடங்காது.

காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததுதான் காரணம். இங்கே “மண்ணில் இல்லை” என்பதற்கும் “காய்க்குப் போகவில்லை” என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சுண்ணாம்புச் சத்து வேர் உறிஞ்சும் நீரோடு மட்டுமே மேலே ஏறும். இலை நிறைய நீரை ஆவியாக விடுவதால் பெரும்பகுதி இலைக்கே போகும். காய் ஆவியாக்குவது மிகக் குறைவு, கிடைப்பதும் அதற்கேற்பக் குறைவு. ஒரு நாள் மண் காய்ந்துபோனால் முதலில் பட்டினி கிடப்பது காய்தான். இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றுகிற வீட்டில் இந்த நோய் தவறாமல் வரும்.

முட்டை ஓடு போடச் சொல்வார்கள். போடுவதில் தீங்கில்லை, ஆனால் ஓடு மண்ணில் கரைந்து வேருக்குக் கிடைக்க மாதங்கள் ஆகும். இந்தப் பருவத்துக் காயை அது காப்பாற்றாது. இலையில் சுண்ணாம்புச் சத்துக் கரைசலைத் தெளிப்பதாலும் பெரிய பயனில்லை, இலையில் விழுந்தது அங்கிருந்து காய்க்கு நகராது. எப்சம் உப்பு இன்னும் மோசம்: அதிலுள்ள மெக்னீசியம் வேரில் சுண்ணாம்புச் சத்தோடு போட்டி போடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கறுத்த காயைக் கிள்ளிவிடுங்கள். செடி அதற்குச் செலவழிப்பது வீண். மண்ணின் ஈரம் ஒரே சீராக இருக்கட்டும். காய் பிடித்த பெரிய செடிக்குக் கடும் வெயிலில் நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் கூடத் தேவைப்படும். அதைக் காலை ஒரு பங்கு, மாலை ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுங்கள். காய்ந்த இலை அல்லது வைக்கோலை 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் போட்டு, தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள். யூரியா போன்ற தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள், ஏனெனில் இலை பெருத்தால் சத்தை இலையே வாங்கிக்கொள்ளும். தொட்டி 15 லிட்டருக்குக் குறைவானதாக இருந்தால் எதைச் செய்தாலும் கோளாறு திரும்பும். 20 லிட்டர் இருந்தால் நிம்மதி. நீள வடிவக் காய் ரகங்களில் இது அதிகம், செர்ரி தக்காளியில் அபூர்வம். முதல் கொத்தில் வந்துவிட்டு அடுத்தடுத்த கொத்துகளில் தானாக நின்றுபோவதும் உண்டு. முட்டை ஓட்டுக்கு நல்ல பெயர் வந்தது அப்படித்தான்.

பூ கொட்டுகிறது, காய் பிடிக்கவில்லை

பூக்காம்பின் நடுவில் கணு போன்ற ஒரு முட்டி இருக்கும். அந்த இடம் மஞ்சளாகிப் பூ உதிர்ந்தால் அதில் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை. முதல் சந்தேகம் வெப்பநிலை மேல் வர வேண்டும். பகலில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், இரவில் 21 முதல் 24-க்குக் கீழே இறங்காவிட்டாலும் மகரந்தம் வீரியமிழக்கும். இரவு 13-க்குக் கீழே போனாலும் அதே கதை. பலரும் பகல் வெயிலை மட்டும் பார்ப்பார்கள். புழுக்கமான இரவு அதைவிடப் பெரிய எதிரி. நண்பகல் முதல் 35 முதல் 50 சதவீத நிழல்வலை கட்டலாம், செடியை வாடவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். மற்றபடி காத்திருக்க வேண்டியதுதான். வெப்பம் தணிந்ததும் வரும் பூக்கள் காய் பிடிக்கும்.

வெப்பநிலை சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் காற்றோட்டம் இல்லாத மூலையில் செடி நிற்கிறதா என்று பாருங்கள். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும், ஆனால் மகரந்தம் குழாய் போன்ற பைக்குள் அடைந்திருப்பதால் அதிர்வு வேண்டும். காற்றும், உடலை அதிர வைக்கும் வண்டு வகைத் தேனீக்களும் அதைச் செய்கின்றன. (கூட்டில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, தேன் பெட்டி வைத்தால் தக்காளி காய்க்கும் என்று நம்ப வேண்டாம்.) காலை 10 மணி முதல் நண்பகல் வரை, பூக்கொத்தின் பின்பக்கக் காம்பை விரலால் மூன்று நான்கு முறை சுண்டிவிடுங்கள். மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தைக் காம்பில் இரண்டு விநாடி வைத்தாலும் போதும். அடுத்தடுத்து இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பலன் குறைவாக இருக்கும்.

தண்டு கட்டைவிரல் கனம், இலை கரும்பச்சை, பூவே இல்லை என்றால் தழைச்சத்து அதிகம். மாட்டெரு, மண்புழு உரம், மீன் கரைசல் எல்லாவற்றையும் மூன்று வாரம் நிறுத்திவிட்டு, சாம்பல் சத்து மிகுந்த உரத்துக்கு மாறுங்கள். நாளில் 6 மணி நேர நேரடி வெயில் கிடைக்காத இடத்தில் இதுவும் உதவாது. அங்கே கீரை போடலாம்.

இலைச் சுருட்டு: ஒரு பெயரில் மூன்று கோளாறுகள்

இலை சுருண்டாலே நச்சுயிரி என்று பயந்து செடியைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. பயப்படாமல் எல்லாவற்றுக்கும் வேப்பெண்ணெய் அடிக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே பாதி நேரம் தவறு.

அடி இலைகள் மேல்நோக்கிக் குழல் போலச் சுருண்டு, தடித்து, தொட்டால் தோல் போல மொரமொரப்பாக, ஆனால் பச்சையாகவே இருந்தால் அது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. வெயில், வறட்சி, ஒரே நாளில் நிறையக் கிளை கிள்ளியது எல்லாம் காரணமாகலாம். கொழுந்து நன்றாக இருக்கும், காய்ப்பும் குறையாது. ஒன்றும் செய்யாதீர்கள்.

கொழுந்து இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம் போல மேலே குவிந்து, கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாக நின்றால் அதுதான் இலைச்சுருள் நச்சுயிரி. கொண்டு வருவது வெள்ளை ஈ. செடியை உலுக்கினால் வெள்ளைத் தூசு போல எழும்பி மறுபடி உட்காருமே, அதுதான். நச்சுயிரி புகுந்த செடி மீளாது. பூப்பதற்கு முன்பே வந்துவிட்டால் ஒரு பெரிய பையால் செடியை மூடி, அப்படியே பிடுங்கி அகற்றுங்கள். மூடாமல் பிடுங்கினால் ஈக்கள் பறந்து பக்கத்துச் செடியில் உட்காரும். காய்கள் முற்றிய பிறகு வந்ததென்றால், அக்கம்பக்கத்தில் வேறு தக்காளி இல்லாத பட்சத்தில் அந்தக் காய்களை மட்டும் பழுக்கவிட்டுப் பிறகு எடுக்கலாம். அந்தப் பழத்தை உண்பதில் தீங்கில்லை. நாற்றுப் பருவத்தில் நுண்வலைக்குள் வளர்ப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. மஞ்சள் ஒட்டுப்பொறி ஈ வந்துவிட்டதைக் காட்டிக்கொடுக்கும். அது ஒன்றே ஈயை ஒழித்துவிடாது.

கொழுந்து முறுக்கிக்கொண்டு, கீழ்நோக்கி வளைந்து, அடிப்பக்கம் எண்ணெய் தடவியது போலப் பளபளத்து வெண்கல நிறமானால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேன். வெறும் கண்ணால் தேடிப் பயனில்லை, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். பாதித்த கொழுந்தைக் கிள்ளி அகற்றிவிட்டு, நீரில் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் மாலையில் தெளியுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாட்களில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். எண்ணெய் எதையும் தெளித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விட்ட பிறகே கந்தகம்.

செஞ்சிலந்தி வேறு. அது பழைய இலைகளில் ஊசி குத்தியது போல வெளிறிய புள்ளிகளையும், முற்றினால் மெல்லிய வலையையும் உண்டாக்கும். வறண்ட வெயிலில் பெருகும். இலையின் அடிப்பக்கத்தில் வேகமாக நீரைப் பீய்ச்சிக் கழுவுவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வேப்பெண்ணெய் கலக்கும் முறை

வெதுவெதுப்பான நீர் 1 லிட்டர். அதில் முதலில் திரவச் சோப்பு 1 முதல் 2 மி.லி. கலக்கி, பிறகு வேப்பெண்ணெய் 5 மி.லி. ஊற்றிப் பால் போல வரும்வரை குலுக்குங்கள். சோப்பு கலக்காமல் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து, தெளிப்பானில் கடைசியாக வந்து இலையைப் பொசுக்கும். துணி துவைக்கும் தூள் ஆகாது. ஒரு கிளையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு, மறுநாள் புதிதாகக் கலந்து, வெயில் சாய்ந்த பிறகு முழுச் செடிக்கும், குறிப்பாக இலையின் அடிப்பக்கம் நனைய, அடியுங்கள். 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறை. கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவற்றின் இளம்பருவத்துக்கு இது போதும். வாடலுக்கும் நுனி அழுகலுக்கும் இதை அடிப்பது எண்ணெய்க்குக் கேடு.

இலையில் புள்ளியும் கருகலும்

அடி இலையில் வளையத்துக்குள் வளையமாக, மரத்தின் வெட்டுமுகம் போல, பழுப்புப் புள்ளி வந்து சுற்றிலும் மஞ்சளானால் அது முன்பருவ இலைக்கருகல். மண்ணிலிருந்து தெறிக்கும் நீர்தான் ஏணி. பாதித்த இலைகளையும், செடி மூன்றடி ஆன பிறகு தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் இருக்கும் எல்லா இலைகளையும் கிள்ளிவிட்டு, மூடாக்குப் போட்டு, தண்ணீரை அடியில் மட்டும் ஊற்றினால் பெரும்பாலும் மருந்தே வேண்டியிருக்காது. செடிக்குச் செடி 45 முதல் 60 செ.மீ. இடைவெளி தேவை.

குளிர்ந்த, ஈரமான நாட்களில் இலையிலும் தண்டிலும் கொதிநீர் பட்டது போன்ற பெரிய கரும்பச்சைத் திட்டு, இலையின் அடியில் வெள்ளைப் பூசணம் என்றால் பின்பருவக் கருகல். ஒரு வாரத்தில் செடியை முடித்துவிடும், தாமதிக்காதீர்கள். பாதித்த செடியை அன்றே அகற்றி, மீதிச் செடிகளுக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் தெளியுங்கள். தாமிர மருந்து வருவதைத் தடுக்கும், வந்ததை ஆற்றாது.

இலைக்குள் பாம்பு நெளிந்தது போன்ற வெள்ளைக் கோடு இலைத்துளைப்பான் போட்டது; பத்து இலையில் இரண்டு என்றால் கிள்ளிப்போட்டால் தீர்ந்தது. கோடாக இல்லாமல் அகலமான வெளிர்த் திட்டாக, உள்ளே கறுப்புக் கழிவோடு இருந்தால் ஊசிப்புழு. அது காயையும் துளைக்கும் என்பதால் விடாமல் பொறுக்க வேண்டும்.

மஞ்சள் இலை

அடி இலை சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. அடி இலையில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம். இங்கேதான் எப்சம் உப்புக்கு வேலை. லிட்டருக்கு 5 கிராம், மாலையில் இலையில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இதே தோற்றம் கொழுந்தில் வந்தால் இரும்புக் குறைவு. அதற்குப் பெரும்பாலும் அதிகத் தண்ணீரோ கார மண்ணோ காரணம், தக்காளிக்கு 6.0 முதல் 6.8 வரை கார அமில நிலை (pH) ஏற்றது. அடி இலையின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல் சத்துக் குறைவு. நான்கையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். எது பலித்தது என்று தெரியாது, வேரில் உப்பும் சேரும்.

காய் முற்றிய பிறகு

காயில் வட்டத் துளை, தலை உள்ளே, உடலின் பின்பாதி வெளியே என்று ஒரு புழு தொங்கினால் காய்ப்புழு. ஒரே காயை முழுதாகத் தின்னாமல் அடுத்தடுத்த காயைக் கடிக்கும் குணம் அதற்கு. துளைத்த காய்களைப் புழுவோடு சேர்த்து அகற்றுங்கள். பூக்கும் காலத்தில் மேல் இலைகளில் வெண்மையான சிறு முட்டைகள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (புழுவைக் கொல்லும் பாக்டீரியா) மருந்து, பொட்டலத்தில் உள்ள அளவுப்படி, மாலையில். காய்க்குள் நுழைந்துவிட்ட புழுவை அது தொடாது.

வறண்ட மண்ணில் திடீரென மழையோ அதிகத் தண்ணீரோ சேர்ந்தால் உள்ளே சதை பெருக்கும், தோல் ஈடுகொடுக்காமல் வெடிக்கும். மழை வரும் என்று தெரிந்தால் நிறம் மாறத் தொடங்கிய காய்களை முன்கூட்டியே பறித்துவிடுங்கள். காய் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டியது போன்ற தழும்பு வெயில் சுட்டது. இலையை அதிகம் கழித்ததன் விளைவு.

பழம் சிவக்காமல் தோள் பக்கம் மஞ்சளாகவே நின்றால் வெப்பத்தைப் பாருங்கள். சிவப்பு நிறத்துக்கான லைகோபீன் 20 முதல் 25 டிகிரியில் நன்றாக உருவாகும், 30-ஐத் தாண்டினால் உருவாவது நிற்கும்; மஞ்சள் நிறமி மட்டும் தொடரும். நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் நிழலில், காம்புப்பக்கம் கீழாக வையுங்கள். பழுப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை. குளிர்பெட்டியில் வைத்தால் மணம் போய்விடும்.

குட்டை ரகங்கள் ஒரே சமயத்தில் காய்த்து முடித்து, அடியிலிருந்து மஞ்சளாகிக் காய்ந்துகொண்டே வரும். விதைப் பொட்டலத்தில் குட்டை ரகம் என்று இருந்து, நட்டு மூன்று நான்கு மாதமும் ஆகியிருந்தால் செடியின் வயது முடிந்தது. கடைசிக் காய்களைப் பறித்துவிட்டு அடியோடு வெட்டுங்கள். வேரைத் தோண்டி முடிச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முடிச்சு இருந்தால் அந்த மண்ணில் இரண்டு மூன்று மாதம் துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக வளர்த்து மடக்கிப் புதையுங்கள். முடிச்சு இல்லையென்றால் கீரையோ வெங்காயமோ போடலாம். தக்காளி மறுபடி அந்தத் தரைக்கு வர மூன்று ஆண்டு போகட்டும். தொட்டியாக இருந்தால் மண்ணை மாற்றினால் போதும்.